'தீர்ப்பிலாக் கொலை' சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

'எக்ஸ்ட்ரா ஜுடிஷியல் கில்லிங்' என்பதற்குச் 'சட்டத்துக்குப் புறம்பான கொலை' என்றே இருக்கட்டும், செய்தித்தாள்களில் பழகிவிட்டது என்று முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். பழகியது உண்மைதான். ஆனால் நான் மொழிபெயர்க்கும் கட்டுரையில் அது இடிக்கிறது.

கட்டுரை அன்வர் அல்-அவ்லாக்கியைப் பற்றியது. அமெரிக்காவில் பிறந்த குடிமகன். அல்-காய்தாவின் தாக்குதல் திட்டங்களில் பங்கெடுத்தார் என்றது அரசு. அமெரிக்காவில் அவர்மேல் குற்றப்பத்திரிகைகூட இல்லை. 2010-இல் அவருடைய தந்தை நாசர், மகனைக் கொல்லக் கூடாதென்று வாஷிங்டன் நீதிமன்றத்துக்குப் போனார். மகனுக்காக வழக்காட அவருக்குத் தகுதியில்லை, இது நீதிமன்றம் முடிவுசெய்யும் விஷயமும் அல்ல என்று டிசம்பரில் தள்ளுபடி ஆனது. கொல்வது சட்டப்படி சரியே என்று அரசு வழக்கறிஞர்கள் அந்த ஜூலையிலேயே ரகசியக் குறிப்பு எழுதியிருந்தார்கள். 2011 செப்டம்பர் 30 அன்று யேமனில் ட்ரோன் தாக்கி இறந்தார்.

இங்கே வழக்கே, அது சட்டத்துக்குள் வருமா என்பதுதான். 'சட்டத்துக்குப் புறம்பான கொலை சட்டப்படி செல்லுமா?' என்று எழுதிப் பாருங்கள். கேட்கும் முன்பே பதில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்தக் கொலை தவறு என்பதே என் எண்ணமும். ஆனால் அதை வாதாடித்தான் நிறுவ வேண்டும், கலைச்சொல்லுக்குள் வைத்துக் கடத்தக் கூடாது.

'என்கவுன்ட்டர்' பொருந்தாது. அவர் சுட்டார், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்பது அதன் கதை. இவர் பெயரோ கொல்லப்பட வேண்டியோர் பட்டியலில் முன்பே இருந்தது.

சித்திரவதைக்கு உள்ளானோரைக் காக்க அமெரிக்கா இயற்றிய 1991-ஆம் ஆண்டுச் சட்டம் 'எக்ஸ்ட்ரா ஜுடிஷியல் கில்லிங்' என்பதை வரையறுக்கிறது: முறையாக அமைந்த நீதிமன்றம் முன்னதாக வழங்கிய தீர்ப்பின் அனுமதி இல்லாமல், திட்டமிட்டுக் கொல்வது. தீர்ப்பு இருந்ததா இல்லையா என்பதே இதன் அச்சு. ஆகவே 'தீர்ப்பிலாக் கொலை' என்கிறேன். நடந்ததைச் சொல்கிறது, முடிவைத் திணிக்கவில்லை.

'கொலை' என்றாலே குற்றம்தானே, 'கொல்லல்' போதாதா என்று கேட்கலாம். 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல்' என்ற குறளில், அரசன் கொடுக்கும் மரண தண்டனையைத்தான் கொலை என்கிறார் வள்ளுவர் (பரிமேலழகர் உரை அப்படித்தான்). அரசு செய்வதைச் சொல்லவும் அந்தச் சொல் பழையதே. 'டார்கெட்டட் கில்லிங்' என்பதற்கு 'இலக்கு நீக்கம்' மட்டும் வேண்டவே வேண்டாம். செத்தது மனிதன் என்பதே அதில் தெரியவில்லை.

சரி, அதற்குக் 'குறிவைத்த கொலை' போதும். ஆனால் ஒன்று நிற்கிறது. இரண்டு வாரம் கழித்து அவர் மகன் அப்துல்ரஹ்மான், 16 வயது, டென்வரில் பிறந்த பையன், அவனும் யேமனில் இன்னொரு ட்ரோன் தாக்குதலில் இறந்தான். அவனைக் குறிவைக்கவில்லை என்று 2013-இல் அமெரிக்க அரசு வழக்கறிஞர் தலைவர் எரிக் ஹோல்டர் நாடாளுமன்றத்துக்கு எழுதினார். அப்படியானால் நம் இரண்டு சொல்லிலும் அவன் அடங்கவில்லை. அவன் சாவுக்கு என்ன சொல் வைப்பது?