25 அஞ்சல் பெட்டிக்கு எக்ஸ்சேஞ்ச் தேவையா?

கம்பிச்சுருள்:
மைக்ரோசாஃப்டோட மெயில் சர்வர் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ரெண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சாச்சு. அதையே தொடரணும்னா சந்தா எடிஷன்தான். சின்ன கம்பெனிக்கு எதுக்கு அது? மெயில் அனுப்ப, வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில வெச்சுப் படிக்க டவ்காட், ஸ்பாமுக்கு ஆர்ஸ்பாம்டி, வெப்மெயிலுக்கும் காலண்டருக்கும் சோகோ. தனித்தனியா கோர்க்க அலுப்பா இருந்தா மெயில்கவ் போடுங்க, எல்லாம் டாக்கர்ல (மென்பொருளைத் தனித்தனிப் பொட்டலமா ஓட்டுற கருவி) கட்டியே வருது. ரேம் மட்டும் 6 ஜிபிக்குக் குறையாம குடுங்க. அதுல இருக்கிற வைரஸ் தடுப்பான் கிளாம்ஏவி ஒண்ணே ஒரு ஜிபிக்கு மேல தின்னும்.

இரவுக்காவல்:
நிறுவுவது அரை நாள் வேலை, அதை யார் மறுத்தார்கள்? அனுப்பிய மெயில் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. பல கிளவுட் நிறுவனங்கள் மெயில் வெளியே போகும் 25-ஆம் போர்ட்டை மூடியே தருகின்றன. திறந்து வாங்கினாலும் அந்த ஐபியை முன்பு வைத்திருந்தவர் ஸ்பாம் அனுப்பியிருந்தால் பழி உங்கள் தலையில். பிடிஆர் பதிவும் (ஐபிக்குரிய பெயரைச் சொல்வது), சர்வர் ஹெலோவில், அதாவது இணையும்போது தரும் அறிமுகத்தில், சொல்லும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். 2024 பிப்ரவரி முதல் எஸ்பிஎஃப் (டொமைன் சார்பில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) இரண்டில் ஒன்றாவது இல்லாத மெயிலை ஜிமெயில் மதிப்பதில்லை.

கம்பிச்சுருள்:
அதெல்லாம் ஒரு தடவை பண்ற வேலைங்க. சறுக்குற இடம் ரெண்டுதான். 2048 பிட் டிகேஐஎம் சாவி ஒரு துண்டுக்கான 255 எழுத்து வரம்பைத் தாண்டும். டிஎன்எஸ்ல (டொமைனோட பதிவேடு) ரெண்டு துண்டா, தனித்தனி மேற்கோள் குறிக்குள்ள போடணும். சில டிஎன்எஸ் பேனல் சத்தமில்லாம வாலை வெட்டிடும், கையொப்பம் பொருந்தலைன்னு திருப்பி வரும். எஸ்பிஎஃப்-ல இன்க்ளூட் (அடுத்தவங்க பட்டியலையும் சேர்க்கிற வரி) சேர்த்துக்கிட்டே போனா 10 டிஎன்எஸ் தேடலைத் தாண்டினதும் மொத்தமும் செல்லாது. ஐபி சரிப்படலையா, போஸ்ட்ஃபிக்ஸோட ரிலேஹோஸ்ட் வரியில ஒரு வெளி ரிலேயைக் (நம்ம மெயிலை வாங்கி அனுப்பித் தர்ற சர்வர்) குடுத்துடுங்க. உள்வரவு உங்ககிட்ட, வெளியே போறது அவங்க வழியா.

இரவுக்காவல்:
ஆக, பாதி சொந்த சர்வர்! சரி, காலண்டருக்கு என்ன வழி? சர்வர் விட்டு சர்வர் மாற்றும் கருவியான ஐமேப்சிங்க் மெயிலை மட்டும்தான் நகர்த்தும். சந்திப்புகள், முகவரிப் புத்தகம் எல்லாம் தனியாக ஏற்றுமதி செய்து ஏற்ற வேண்டும். காலண்டரை அவுட்லுக்கோடு இணைக்கும் கால்டேவ் சிங்க்ரனைசர் செருகி பழைய அவுட்லுக்கில்தான் ஓடும். புதிய அவுட்லுக் அது போன்ற காம் வகைச் செருகிகளை ஏற்பதே இல்லை. கணக்குப்பிரிவு அவுட்லுக்கை விடாது.

பழையகணினி:
அவுட்லுக்கை விடமாட்டோம்னா குரோம்யூனியோ பாருங்க. திறமூலம்தான், அவுட்லுக் எக்ஸ்சேஞ்சோட பேசுற மாப்பி நெறிமுறையே பேசும், செருகி வேண்டாம்.

எதுக்கு மாறினாலும் வரிசை இதுதான். எக்ஸ்சேஞ்ச்ல ஐமேப் சேவை (வெளிக் கருவி மெயிலைப் படிக்கிற வழி) ரெண்டும் இயல்பா நிறுத்தி இருக்கும், பின்னணிச் சேவையையும் சேர்த்து ஓடவிடணும். எம்எக்ஸ் பதிவோட (மெயில் எந்த சர்வருக்கு வரணும்னு சொல்றது) டிடிஎல்லை, அதாவது மத்தவங்க அதை நினைவுல வெச்சிருக்கிற நேரத்தை, ரெண்டு நாள் முன்னாடியே 300 விநாடிக்கு இறக்குங்க. ஐமேப்சிங்கை ஒரு வாரம் முன்னாடி ஓட்டுங்க. மறுபடி ஓட்டினா புதுசை மட்டும்தான் எடுக்கும், அதனால எம்எக்ஸ் மாத்தினப்புறம் கடைசியா ஒரு ஓட்டம்.

அப்புறம்தான் பேய் வரும். விண்டோஸ் டொமைன்ல சேர்ந்த கணினியில அவுட்லுக் முதல்ல ஆக்டிவ் டைரக்டரியில (கம்பெனியோட கணினி, பயனர் பதிவேடு) இருக்கிற எஸ்சிபி பதிவைத்தான் (மெயில் சர்வர் எங்கேன்னு சொல்றது) பார்க்கும், திரும்பத் திரும்ப பழைய சர்வரையே தேடிப் போகும். அந்தப் பதிவுல இருக்கிற ஆட்டோடிஸ்கவர் முகவரியை வெறுமையாக்குங்க. இன்னொண்ணு: "டு" கட்டத்துல பேர் தட்டினதும் வர்ற பரிந்துரையில சக ஊழியர் முகவரி எக்ஸ்சேஞ்சோட உள் வடிவத்துல ஒளிஞ்சிருக்கும். அதுக்கு அனுப்பினா "ஐஎம்சிஇஏஇஎக்ஸ்"னு ஆரம்பிக்கிற முகவரியோட பவுன்ஸ் ஆகும். ஆளாளுக்கு அந்தப் பட்டியலை அழிக்கணும்.

கம்பிச்சுருள்:
எஸ்சிபி நான் விட்டது, ஒத்துக்கறேன். ஆனா பேக்கப் எவ்வளவு சுலபம் பாருங்க, டவ்காட் மெயிலை வைக்கிற மெயில்டிர் வெறும் கோப்புதான், ஆர்சிங்க்னு ஒரு நகலெடுக்கிற கருவி போதும்.

பழையகணினி:
மெயில்கவ்ல அப்படி இல்லை. மெயிலை மறையாக்கித்தான் வட்டுல வைக்கும், சாவி கிரிப்ட்னு தனி வால்யூம்ல (சேமிப்புப் பகுதி) இருக்கு. மெயில் இருக்கிற விமெயில் வால்யூமை மட்டும் நகலெடுத்துட்டு புது சர்வர்ல வெச்சா ஒரு கடிதமும் திறக்காது. கூட வர்ற பேக்கப் ஸ்கிரிப்ட்ல "ஆல்" குடுத்து எடுங்க, வேற மெஷின்ல ஒருதடவை மீட்டுப் பாருங்க.

இரவுக்காவல்:
அந்த ஒத்திகையை யார் பார்ப்பார் என்று பெயர் சொல்லுங்கள், பிறகு எக்ஸ்சேஞ்சை அணைக்கலாம்.