கட்டுத்தரையில் நின்ற இரண்டு ஆண்டுகள்

பழைய காரை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று தவிப்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். நான் விற்றுவிட்டேன். விற்றதில் வருத்தம் இல்லை. விற்பதற்கு முன்னால் இரண்டு ஆண்டுகள் அதைச் சும்மா நிறுத்திவைத்தேனே, அதை நினைத்தால்தான் இன்றும் மனம் வலிக்கிறது.

1997 அக்டோபரில் வாங்கிய மாருதி 800. வெள்ளை நிறம், நான்கு கியர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் கார்புரேட்டர் உள்ள பழைய வகை வண்டி. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். சத்தியமங்கலத்தைத் தாண்டி ஓர் அரசுப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. பஸ்ஸை நம்பினால் இறைவணக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பதால்தான் கார் வாங்கினோம். எங்கள் ஊரில் அப்போது கார் ஓட்டிய பெண் நான் ஒருத்திதான். மாமனார் முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மாதம் கழித்து, "அம்மணி, சந்தைக்குப் போக வேண்டும்" என்று தானே வந்து நின்றார். கூரை தாழ்வு என்பதால் உருமாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் முன்சீட்டில் உட்காருவார். இறங்கியதும் கண்ணாடியில் பார்த்து மறுபடி கட்டிக்கொள்வார்.

பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்கு ஒவ்வொரு பங்குனியும் அந்தக் காரில்தான் போனோம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஐந்து பேரோடு ஏறியிருக்கிறது. பாதி மலையில் சூட்டு முள் மேலே போகும். ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்துவிட்டு, கொண்டுபோன கட்டுச்சோற்றைப் பிரிப்போம். சோறு முடிவதற்குள் வண்டி ஆறிவிடும்.

2023-இல் எனக்கு இடது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கிளட்ச் மிதிப்பது சிரமம் என்று கோவையில் இருக்கும் மகன் ஓர் ஆட்டோமேட்டிக் கார் வாங்கிக் கொடுத்தான். பழையதை விற்கலாம் என்றான். நான் ஒப்பவில்லை. மாடுகளை விற்ற பிறகு காலியாகக் கிடந்த கட்டுத்தரையில் காரை நிறுத்தி, படுதா போட்டு மூடினேன். அதைப் பத்திரப்படுத்துவதாக நினைத்துக்கொண்டேன்.

முதலில் ஞாயிறுதோறும் கணவர் ஸ்டார்ட் செய்து பார்த்தார். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு அதுவும் இல்லை. இரண்டாவது கோடையில் ஒருநாள் படுதாவை விலக்கிக் கதவைத் திறந்தபோது எலி வாடை முகத்தில் அடித்தது. பின்சீட்டில் விரித்திருந்த பவானி ஜமக்காளத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாக சீட்டின் பஞ்சை இழுத்துக் கூடு கட்டியிருந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர்கள் கடித்துக் குதறப்பட்டிருந்தன. சக்கரம் நான்கும் தரையோடு ஒட்டியிருந்தன.

இருபது ஆண்டுகளாக அந்த வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் வந்தார். நெடுநேரம் பேசாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஓடித் தேய்ந்திருந்தால் கவலையே இல்லை, எளிதில் சரி செய்திருப்பேன். இது நின்று கெட்டிருக்கிறது" என்றார். தொட்டியில் கிடந்த பெட்ரோல் கெட்டுப்போய் கார்புரேட்டரில் பிசினாகப் படிந்திருந்தது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. குழாயை அவர் விரலால் மடக்கிக் காட்டியபோது மேல்தோல் கீற்றுக் கீற்றாக வெடித்தது. பின்பக்க பிரேக் இறுகிப்போய் சக்கரமே சுற்றவில்லை. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு எண்களை அன்றுதான் எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். 3416 என்றால் 2016-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரத்தில் செய்தது. பார்வைக்குப் புதிது போல இருந்த டயர்களுக்கு ஒன்பது வயது. வண்டியைச் சரி செய்ய 17,500 ரூபாய் ஆயிற்று.

வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 800 தயாரிப்பை 2014-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதே 796 சிசி எஞ்சின் ஆம்னி வேனிலும் ஓடியதால் எஞ்சின் சாமான்கள் இன்றும் கிடைக்கின்றன. மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 2,094 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும்தான். 15 ஆண்டுகள் முடிந்த பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. (தகுதிச் சோதனை) பார்த்து ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும். 2022-இல் நாங்கள் புதுப்பித்தபோது கட்டணம் 5,000 ரூபாய்; 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு அதை 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் வாரம் ஒரு முறையாவது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்ட வீட்டில் ஆள் இருக்கிறதா? அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இல்லை. கணவருக்குக் கண்புரை. மகன் மாதம் ஒரு முறை வந்தாலே பெரிது.

சரி செய்த பிறகு விற்கிறோம் என்று சொல்லிவைத்தோம். முதலில் வந்த தரகர் கதவைக்கூடத் திறக்கவில்லை. சுற்றி வந்து, கட்டைவிரலால் தகடுகளை அழுத்திப் பார்த்து, 650 கிலோ தேறும் என்று இரும்பு விலை சொன்னார். சரி என்றால் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், வாங்குபவர் பெயரைப் பிறகு எழுதிக்கொள்கிறேன் என்றார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. விலைக்காக அல்ல, அந்தக் கையெழுத்துக்காகத்தான் பயந்தேன். பெயர் மாறாதவரை ஆர்.சி.யில் இருப்பவர்தான் சட்டப்படி உரிமையாளர். விற்று, கை மாறிப் போன காரானாலும் விபத்து நடந்தால் பதிவில் இருப்பவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் தயவுசெய்து யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்து வந்த கல்லூரிப் பையன்கள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது, சைலன்சரை மாற்றுவது என்று பேசிக்கொண்டார்கள். கொடுக்க மனம் வரவில்லை.

புரட்டாசி கடைசியில் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். அவள் கிராம சுகாதாரச் செவிலியர். மலையடிவார ஊர்களுக்குத் தடுப்பூசிப் பெட்டியோடு ஸ்கூட்டரில் போய்வருகிறாள். மழையில் இரண்டு முறை விழுந்திருக்கிறாள். அப்பா வாழை விவசாயி. அவர் என்னிடம் எதுவும் கேட்காமல் ஓட்டுநர் பக்கத்து மிதியடியைத் தூக்கி, கையில் கொண்டுவந்த திருப்புளியால் கீழ்த்தகட்டை மெல்லக் குத்தினார். துரு ஏறிய தகட்டில் முனை உள்ளே இறங்கியது.

"டீச்சரம்மா, இது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். 2009-இல் மைல்கல்லில் இடித்து இடது முன்பக்கத் தகட்டை மாற்றியதையும், எலி கடித்த ஒயர்களையும், டயர்களின் வயதையும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அதற்குள் அந்தப் பெண் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சீட்டை முன்னால் தள்ளி, மூன்று பெடல்களையும் காலால் தேடிக்கொண்டிருந்தாள். பிறகு பின்னால் திரும்பி, "அப்பா, பெட்டி பின்சீட்டில் அசையாமல் நிற்கும்" என்றாள். எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

38,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். அதற்கு மேல் தருவதாக வேறொருவர் போனில் சொல்லியும் மாற்றவில்லை. இரண்டு தரப்பும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனோம். படிவங்களைக் கொடுத்து ரசீது வாங்கிய பிறகுதான் சாவியை அவள் கையில் வைத்தேன். ஓட்டை விழுந்த ஜமக்காளத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

சென்ற மார்கழியில் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு அவளிடமிருந்து போன். "டீச்சர், குளிரில் வண்டி எடுக்கவே மாட்டேன் என்கிறது. இன்றைக்குத் தடுப்பூசி நாள்" என்றாள், அழாத குறையாக.

"பதறாதே கண்ணு. குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் பிடி இருக்கிறதே, அந்தச் சோக்கை முழுதாக இழு. ஆக்சிலேட்டரில் கால் வைக்காதே. சாவியைத் திருப்பி மூன்று எண்ணு, விடு. கொஞ்சம் பொறுத்து மறுபடி திருப்பு."

போனில் ஸ்டார்ட்டர் சுற்றும் ஓசை கேட்டது, நின்றது. மறுபடி சுற்றியது, நின்றது. மூன்றாவது முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் ஓர் இருமல், பிறகு அந்தப் படபடப்பு, பிறகு சீரான ஓட்டம். சோக்கைப் பாதியாக உள்ளே தள்ளச் சொன்னேன். தள்ளினாள். அவள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் போனை வைக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன்.