பெங்களூர் கப்பன் பார்க் சிவப்பு நூலகத்துக்கு ஏன் சேஷாத்ரி ஐயர் பெயர்?

அல்சூர்வாசி: கப்பன் பார்க் மாநில மத்திய நூலகக் கட்டடத்துக்கு ஏன் சேஷாத்ரி ஐயர் பெயர்? அது கோதிக் பாணியா, அதாவது கூர்முனை வளைவுகள் கொண்ட ஐரோப்பியப் பாணியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மல்லேஸ்வரம் மாமா: அது அவருடைய நினைவு மண்டபம்தானே. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், 1883 முதல் 1901 வரை மைசூர் திவான். சிவனசமுத்திரத்தில் காவிரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம் அவர் காலத்தில் தொடங்கியது, ஆனால் 1902இல் கோலார் தங்கவயலுக்கு அந்த மின்சாரம் போனபோது அவர் உயிரோடு இல்லை, 1905இல் பெங்களூரில் எரிந்த தெருவிளக்கையும் பார்க்கவில்லை. பிளேக் வந்த 1898இல் பசவனகுடியும் எங்கள் மல்லேஸ்வரமும் விரிந்ததும் அவர் காலத்தில்தான். இதைத் தமிழர்களே மறந்துவிட்டோம் என்பது எனக்கு வருத்தம்.

சிவாஜிநகர்: கட்டடம் 1915, விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்த காலம். கோதிக் என்று பலர் எழுதுகிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தூண்களைப் பாருங்கள், டஸ்கன், கொரிந்தியன் என்ற பழைய ரோமானிய, கிரேக்கத் தூண் வகைகள், சுத்தமான ஐரோப்பிய கிளாசிக்கல். பக்கத்தில் இருக்கும் 1868ஆம் வருட அட்டாரா கச்சேரியின் (உயர் நீதிமன்றக் கட்டடம்) சிவப்போடு பொருந்தி நிற்கிறது.

அல்சூர்வாசி: நன்றி மாமா, நன்றி சார். அப்புறம், முன்னால் நிற்கும் சிலை?

சிவாஜிநகர்: அதுவும் அவர்தான். சிலை 1913, மண்டபத்துக்கும் முன்பே வந்துவிட்டது.