கெழங்குக்கு மருந்தடிச்சே காலத்த ஓட்டுறதா, ஜீன் மாத்தின வெதைய கேட்டு வாங்குறதா?

பீதுரு கெழங்கன்:
இந்தியாவில 2025 மே மாசம் ஜீன் எடிட் பண்ணின ரெண்டு நெல்லு ரகம் அறிவிச்சாங்க தானே, கமலா, பூசா டிஎஸ்டி 1ன்னு. வேற உயிரோட ஜீன் எதையும் உள்ள போடல, சம்பா மசூரி, எம்டியு 1010ங்கிற பழைய நெல்லு ரகங்கள்ல ஏற்கனவே இருக்கிற ஜீனத்தான் திருத்தியிருக்காங்க. நுவரெலியாவில நெல்லுக்கு என்ன வேலன்னு கேப்பீங்க, நான் கேக்கிறது கெழங்க பத்தி. நாம போடுற கிரனோலா ஜெர்மன்காரன் ரகம், பனியும் தூறலும் விடாம நின்னா வெளிறல் நோய் வரும், மொதல்ல இலை ஓரம் கறுக்கும், திருப்பிப் பாத்தா அடியில வெள்ளையா பூஞ்சணம் படிஞ்சிருக்கும், ஒரு வாரத்துல பாத்தி முழுக்க சுடுதண்ணி ஊத்தின மாதிரி சாஞ்சிரும். முன்னாடி இந்த மாசத்துக்கு இந்த மழைன்னு ஒரு கணக்கு இருந்திச்சு, இப்ப அது இல்ல, அதனால நோய் வரும்னு பயந்தே மருந்து அடிக்கிறோம். பெருவில இருக்கிற சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம் உகண்டாவில விக்டோரியாங்கிற ரகத்துக்கு காட்டுக் கெழங்குலேருந்து மூணு எதிர்ப்பு ஜீன் எடுத்துப் போட்டு வயல்ல நட்டுப் பாத்திருக்கு, பூஞ்சண மருந்து இல்லாமலே நின்னிருக்கு. நம்ம இலங்கையில இதப் பேச ஆரம்பிச்சாலே சண்டைக்கு வர்றாங்களே, ஏன்?

வெலிமட போஞ்சி:
ஏன்னா அனுபவம் அப்படி. ரத்து ஹீனட்டி நம்ம நாட்டு நெல்லு. நெல்லுச் சாற உறிஞ்சுற கபிலத் தத்திப் பூச்சிய தாங்குற பிபிஎச் 3 ஜீன அதுலதான் கண்டுபிடிச்சாங்க, வெளிநாட்டுக்காரன் அத வச்சு ரகமே பண்ணினான். அத பரம்பரையா காப்பாத்தி வச்ச கமக்காரனுக்கு என்ன கெடச்சிச்சு? நாளைக்கு நம்ம கெழங்குக்கும் எவனாவது பேட்டன்ட் போட்டுட்டு பருவத்துக்குப் பருவம் வெதக் காசு கேட்டா என்ன பண்ணுவீங்க?

தவறணை தம்பி:
அண்ணே, ரத்து ஹீனட்டிய வச்சு பண்ணினது சாதாரண ஒட்டு, வெளி ஜீன் ஒண்ணும் போடல. எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டாதீங்க. மார்க்கர், அதாவது வேணும்கிற ஜீன் செடியில இருக்கான்னு காட்டுற டிஎன்ஏ அடையாளம், அத வச்சு தெரிவு செய்றது ஒண்ணு, எடிட் பண்றது ஒண்ணு, வெளி ஜீன் போடுறது இன்னொண்ணு. ஒடிசாவில எஃப்ஆர் 13ஏன்னு ஒரு பழைய நெல்லு இருக்கு, வெள்ளத்துல ரெண்டு வாரம் முங்கிக் கெடந்தாலும் பொழைக்கும். அதுல இருக்கிற சப் 1 ஜீன மார்க்கர் பாத்து ஸ்வர்ணாங்கிற நெல்லு ரகத்துக்கு கொண்டு வந்து 2009ல இந்தியாவில வெளியிட்டாங்க. பாத்தா ஸ்வர்ணாதான், சோறும் ஸ்வர்ணா சோறுதான், வெள்ளம் மட்டும் தாங்கும். இது ஜீஎம்மே (மரபணு மாத்தினதே) இல்ல. கெழங்குல அந்த வழி கஷ்டம், ஏன்னா கெழங்குக்கு ஒவ்வொரு குரோமோசோமும் நாலு நாலு இருக்கு, ஒட்டுக் கட்டினா கிரனோலாவோட கொணமே கலைஞ்சு போயி வேற செடி வந்து நிக்கும், அதனாலதான் அவங்க ஜீன நேரா உள்ள போடுறாங்க. வெதக் காசுக் கதைக்கும் பதில் இருக்கு. பங்களாதேஷ்ல 2014லேருந்து பிடி கத்தரி, புழுவ தாங்க பாக்டீரியா ஜீன் போட்ட கத்தரி, நடுறாங்க, அரசாங்க ஆராய்ச்சி நிலையம் குடுத்த ரகம், வெதைய எடுத்து வச்சு அடுத்த போகத்துக்கும் போடலாம்.

லயத்துப் பொண்ணு:
தம்பி நல்லா வெளக்கமா சொல்றீங்க, ஆனா ஒரு கேள்வி, நெலம் யாருது? நம்மாளுங்க கெழங்கும் லீக்ஸும் போடுறது லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால இருக்கிற துண்டுல, அதுவும் தோட்டத்துக்கு சொந்தம், துரை எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். வீட்டுக்கு ஏழு பேர்ச் காணின்னு சொன்னதே எத்தன குடும்பத்துக்கு இன்னும் உறுதி வரல. சிறு விவசாயிக்கு வெதைன்னு திட்டம் போட்டா அந்த லிஸ்ட்ல எங்க பேரு இருக்காது, கமநல சேவை நிலையத்துல பதியணும்னா காணிக் கடதாசி கேப்பாங்க. இருக்கிறவனுக்குத்தான் இதுவும் போகும். அப்புறம் 2021 மறந்து போச்சா? ஒரே ராத்திரியில ரசாயன உரத்த நிப்பாட்டினாங்க, நவம்பர்ல தடைய எடுத்தாங்க, அதுக்குள்ள கோவா (முட்டைக்கோஸ்) எல்லாம் கைப்பிடி அளவுக்கு சுருங்கிப் போச்சு, தேயிலையும் 2021ல கிட்டத்தட்ட 30 கோடி கிலோ இருந்தது அடுத்த வருசம் 25 கோடிக்கு எறங்கிச்சு. மேல இருந்து தீர்மானம் பண்ணி கீழ பரிசோதிக்கிறதுன்னா எங்களுக்கு வயித்த கலக்குது.

பீதுரு கெழங்கன்:
தங்கச்சி, 2021ல நிப்பாட்டினது இயற்கை விவசாயம்னு சொல்லித்தான், ஜீன்காரன் நிப்பாட்டல. அத எங்க பக்கம் தள்ளாதீங்க. காணி விசயத்துல நீங்க சொல்றது முழுக்க சரி, ஆனா காணி வர்ற வரைக்கும் நல்ல வெதையும் வரக்கூடாதா? அந்தத் துண்டுல மருந்து டேங்க்க முதுகுல சுமக்கிறது யாரு, மாஸ்க்கும் இல்லாம கையுறையும் இல்லாம?

லயத்துப் பொண்ணு:
வரக்கூடாதுன்னு நான் எங்க சொன்னேன். யாரு கையில வரும்னுதான் கேட்டேன்.

பழைய கங்காணி பேரன்:
காலநிலைய தாங்கும்னு சொல்றீங்களே, 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்தப்ப மலையே சரிஞ்சு பாத்தியோட போச்சு, அத தாங்குற ஜீன் எந்தக் கடையில கெடைக்கும்? சும்மா நக்கலுக்கு கேக்கல. சரிவுல வடிகான் வெட்டாம, கல்லுக்கட்டு போடாம, ஆத்தோரம் வரைக்கும் கெழங்கு போட்டுட்டு லேப்ப பாத்து கையேந்துறோம். இன்னொண்ணு, 1869ல இலங்கையில கோப்பி துரு நோய் கண்டுபிடிச்சாங்க, இருபது வருசத்துக்குள்ள கோப்பித் தோட்டம் பெரும்பகுதி தேயிலையா மாறிடுச்சு. மலை மலையா ஒரே இனத்த நட்டதுக்கு கெடச்ச கூலி அது. இப்ப ஒரு சூப்பர் கெழங்கு வந்தா எல்லாரும் அதையே நடுவான், நோய்க்காரனுக்கு ஒரு பூட்ட ஒடைச்சா போதும்.

தவறணை தம்பி:
கங்காணி அண்ணே சொன்ன ரெண்டாவது விசயம் சீரியஸானது. கெழங்கு வெளிறல் நோய் கிருமி அப்படித்தான், மெக்சிகோ காட்டுக் கெழங்குலேருந்து ஒவ்வொரு ஜீனா எடுத்து ரகம் பண்ணினப்ப எல்லாம் சில வருசத்துல முறிச்சிருச்சு. அதனாலதான் உகண்டாவில ஒண்ணுக்கு மூணா போட்டாங்க, மூணையும் ஒரே நேரத்துல முறிக்கிறது அதுக்கு லேசு இல்ல. முறிக்கவே முறிக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரே ரகத்த மலை முழுக்க நடக்கூடாதுங்கிறதும் சரி. ஆனா இப்பவே கிரனோலாவத்தானே முக்காவாசிப்பேர் நடுறோம், எதிர்ப்பே இல்லாம? தேயிலைய எடுத்துக்கங்க, தன் பூவோட மகரந்தத்த தானே ஏத்துக்காத செடி, ஒட்டுக் கட்டி நாத்து தவறணையில வச்சு, கவ்வாத்து பண்ணி, பல வருசம் கொழுந்து எடை பாத்து ஒரு ரகம் வெளிய வர இருபது வருசத்துக்கு மேல போகும். அதுக்குள்ள காலநிலை வேற எங்கயோ போயிருக்கும். மார்க்கர் இருந்தா நாத்தா இருக்கிறப்பவே பாதிய கழிச்சிடலாம். தலவாக்கலையில தேயிலை ஆராய்ச்சி நிலையம் வச்சிருக்கிற நாடு இது, காசு போட்டா முடியும்.

வெலிமட போஞ்சி:
காசு யாரு போடுறாங்களோ அவன் சொல்றதுதான் ரகம். மார்க்கர்னா எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல, எழுதி வச்சுக்கங்க. வெளி ஜீன் போட்டது வேணாம்னுதான் சொல்றேன். 2007லேருந்து ஜீஎம் உணவுக்கு லேபல் ஒட்டணும்னு சட்டம் இருக்கு, கெப்பெட்டிபொல சந்தையில சாக்குல கொட்டி விக்கிற கெழங்குக்கு எங்க ஒட்டுவீங்க? அடுத்த பாத்திக்காரனோட கெழங்கோட கலந்தா அவனுக்கும் வில கொறஞ்சிரும்.

பீதுரு கெழங்கன்:
லேபல் பிரச்சினைய ஒத்துக்கிறேன், சந்தையில அது நடக்காது. ஆனா நீங்க சாப்பிடுற போஞ்சியில இருக்கிற மருந்துக்கு எந்த லேபல் ஒட்டியிருக்கு?

வெலிமட போஞ்சி:
என் போஞ்சிய இழுக்காதீங்க அண்ணே, நான் அடிக்கிறது உங்கள விட கொறச்சல்தான்.

லயத்துப் பொண்ணு:
சண்டைய நிப்பாட்டிட்டு இத கேளுங்க. பரிசோதனை பண்ணினா சீத்தாஎலிய ஆராய்ச்சி நிலையத்து வேலிக்குள்ள மட்டும் பண்ணாம லயத்துப் பின்பக்கத் துண்டுலயும் பண்ணணும், காணிக் கடதாசி கேக்கக்கூடாது, நட்டவங்க அடுத்த போகத்துக்கு வெதக்கெழங்கு எடுத்து வைக்கலாம்னு தமிழ்லயும் எழுதிக் குடுக்கணும், தோத்துப்போனா அந்தப் போகத்துக்கு நட்டஈடு. இத குடுக்க யாராவது தயாருன்னா நானே என் துண்ட தர்றேன். தம்பி, நீங்க கெம்பஸ்ல கேட்டுச் சொல்ல முடியுமா?

தவறணை தம்பி:
கேக்கிறேன் அக்கா. வெளி ஜீன் போட்டதுக்கு அனுமதி எடுக்கவே வருசக்கணக்குல போகும், அத மொதல்லயே சொல்லிடுறேன். மார்க்கர்ல தெரிவு பண்ணின ரகம்னா சாதாரண ரகம் மாதிரியே போகலாம். நட்டஈடுன்னதும் சேர் மாரு மொகம் மாறும், ஆனா கேக்கிறேன்.

பழைய கங்காணி பேரன்:
அப்படியே வடிகான் வெட்டவும் ஆள் கேளு.