குறுக்குக் குழாயை அடைத்தால் வண்டி பறக்குமா?

வேகவேந்தன்: ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக்கில், இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் இரண்டு பெண்ட் பைப்புகளையும் இணைக்கும் குறுக்குக் குழாய் சத்தத்தைக் குறைப்பதற்கு மட்டுமே இருக்கிறது. அதை அடைத்து, உள்தடுப்பு (சத்தத்தை அடக்கும் உட்தகடு) இல்லாத சைலன்சர் மாட்டிவிட்டேன். வண்டி பறக்கிறது.

இரட்டைச்சிலிண்டர்: இந்தக் கதையை இன்னும் எத்தனை பேர் பரப்பப் போகிறீர்கள்? குறுக்குக் குழாய் இருந்தால் ஒரு சிலிண்டரின் புகை இரண்டு சைலன்சர்களிலும் பரவுகிறது. சத்தம் குறைகிறது, சரி. பின்னழுத்தமும், அதாவது வெளியேறும் புகையை எதிர்த்துத் தள்ளும் அழுத்தமும், அதனால்தான் குறைகிறது. நடுத்தர வேகத்தில் இழுவை கிடைக்கிறது. நீங்கள் அடைத்தது அந்த இழுவையை.

வேகவேந்தன்: சத்தத்துக்குத்தான் அந்தக் குழாய். 1969 மாடல் ட்ரயம்ப் பான்வில் பைக்கில் எதற்குச் சேர்த்தார்கள்? சத்தத்தைக் குறைக்க. வரலாற்றைப் படித்துவிட்டு வாருங்கள்.

இரட்டைச்சிலிண்டர்: அந்தப் பான்வில் 360 பாகை கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), இரண்டு சிலிண்டர்களும் சம இடைவெளியில் மாறி மாறி வெடிக்கும். இன்டர்செப்டர் 270 பாகை. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே கிராங்க் 270 பாகை சுழலும், பிறகு 450. புகைக் குழாயில் எழும் அழுத்த அலை வால்வுக்குத் திரும்பி வரும் நேரமே இரண்டிலும் வேறு. அதை இதற்குச் சான்றாகக் காட்டுவது பெருமையா? இந்த இன்ஜினின் உச்ச முறுக்குவிசை 5,000 ஆர்பிஎம்மை (நிமிடச் சுழற்சி) தாண்டித்தான் வருகிறது. ஊருக்குள் அதற்குக் கீழேதான் ஓட்டுகிறீர்கள், இழப்பும் அங்கேதான்.

ஓரகடத்தார்: 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்குச் சத்த வரம்பு 80 டெசிபல். மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எங்கள் தெருவில் கைக்குழந்தைகள் தூக்கிவாரிப்போட்டு அழுகின்றன. அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

வேகவேந்தன்: அபராதத்தை நான் கட்டிக்கொள்கிறேன், ஐயா. சத்தத்துக்குத்தான் அந்தக் குழாய்.

ஓரகடத்தார்: பணம் கட்டினால் குழந்தை தூங்கிவிடுமா?

இரட்டைச்சிலிண்டர்: ஐயா, சட்டத்தைத் தனி இழையில் பேசுங்கள். வேகவேந்தன், டைனோ தாள் (இன்ஜின் திறனை அளக்கும் கருவியின் அறிக்கை) எங்கே? கனமான சைலன்சர் போனது, எடை குறைந்தது. சத்தம் கூடியது, காது அதை வேகம் என்று நம்பிவிட்டது. எரிபொருள் கலவையை ஈசியூ (இன்ஜினின் கணினி) ஓரளவுக்குத்தான் சரிசெய்யும்.

வேகவேந்தன்: துருப்பிடித்த சைலன்சரைப் புதிது என்று என் தலையில் கட்டப் பார்த்தவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

இரட்டைச்சிலிண்டர்: துரு இருப்பதைச் சொல்லித்தான் விலை பேசினேன். நீங்கள்தான் பாதி விலைக்குக் கேட்டுவிட்டு ஓடினீர்கள்.

புதியவன்: அண்ணா, அடைக்காமல் சைலன்சரை மட்டும் மாற்றினால் இழுவை குறையுமா?

இரட்டைச்சிலிண்டர்: தம்பி, உள்தடுப்பும் சத்தத்தை உறிஞ்சும் கண்ணாடிப் பஞ்சும் ஒழுங்காக இருக்கும் சைலன்சர் என்றால் பெரிய வேறுபாடு தெரியாது. குறுக்குக் குழாயில் மட்டும் கை வைக்காதே.

வேகவேந்தன்: தம்பி, தாராளமாக அடை. சத்தத்துக்குத்தான் அந்தக் குழாய்.

இரட்டைச்சிலிண்டர்: டைனோ தாள் எங்கே?

வேகவேந்தன்: முதலில் என் முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், பிறகு தாள் கேட்கலாம்.