சறுக்குமரத்துக்கு மேல் என்ன கூரை போடலாம்?

பேராவூரணி_அம்மா:
வணக்கம். மகள் படிக்கிற தொடக்கப் பள்ளியில் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். போன வருடம் ஊர்க்காரர் ஒருவர் கொடுத்த பணத்தில் தகரச் சறுக்குமரமும் இரண்டு ஊஞ்சலும் போட்டோம். பதினொரு மணிக்கு மேல் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. ஒரு பையனுக்குத் தொடையில் கொப்புளமே வந்துவிட்டது. கூரை போடலாம் என்று கூட்டத்தில் பேச்சு. கீற்றுதான் குளுமை என்கிறார் ஒருவர், தகரம் என்கிறார் இன்னொருவர். 20க்கு 30 அடி இடம். எது சரி?

ஓய்வு_வாத்தியார்:
கீற்று என்ற பேச்சையே எடுக்காதீர்கள் அம்மா. 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ விபத்து, 94 பிள்ளைகள் போனார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையே கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. நான் அப்போது வேலை பார்த்த பள்ளியில் சைக்கிள் கொட்டகைக் கீற்றை அந்த வாரமே நாங்களே பிரித்தோம். யாரும் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை.

பட்டறை_பட்டுக்கோட்டை:
அக்கா, 19 வருசமா வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். தகரம் போட்டு அசிங்கப்பட்டவன் நான், அதனால சொல்றேன்.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு எட்டடி உயரத்துல தகரக் கொட்டகை அடிச்சுக் கொடுத்தேன். தகரம் சூடேறி அந்த அனலைக் கீழ இறக்கிச்சு. பிள்ளைங்க கொட்டகைய விட்டுட்டு வேப்பமரத்தடிக்கு ஓடிருச்சுங்க. அதுக்கப்புறம் 2018ல கஜா. நாலு பக்கமும் திறந்த கொட்டகைன்னா காத்து உள்ள புகுந்து கூரையக் கீழ இருந்து தூக்கும். காலையில போய்ப் பாக்குறேன், தகரம் பக்கத்துத் தென்னந்தோப்புல கெடக்கு, தூணு மட்டும் மொட்டையா நிக்குது. நல்லவேளை, விடியுறதுக்கு முன்னாடி அடிச்ச புயல்.

இப்ப நான் போடுறது பச்சை வலைதான். தூணு 12 அடிக்குக் குறையக் கூடாது, மூணடிக் குழி வெட்டி கான்கிரீட். வலைய ஒரு பக்கம் சரிவா இழுத்துக் கட்டணும், இல்லேன்னா சருகு சேந்து தொட்டில் மாதிரி தொங்கும். கம்பி போட்டு முறுக்காதீங்க. கொக்கி வச்சு கயித்துல கட்டுனா, புயல் எச்சரிக்கை வந்ததும் அவுத்துச் சுருட்டிறலாம். யாரு அவுக்கிறதுன்னும் இப்பவே முடிவு பண்ணிருங்க. ஒரு ஊர்ல ஏணி இருந்த ரூம் சாவி எச்.எம். கையில, எச்.எம். வெளியூர்ல. வலை கிழிஞ்சே போச்சு.

போல்ட்டு தரைக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, முழங்காலக் கிழிச்சிரும். ஊஞ்சல் ஆடுற எடத்துல இருந்து தூணு ஆறடி தள்ளி நிக்கட்டும். மழைக்கு இது ஆகாது, வெயிலுக்கு மட்டும்தான். சறுக்குமரம் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?

பேராவூரணி_அம்மா:
மேற்கு பார்த்து அண்ணே.

பட்டறை_பட்டுக்கோட்டை:
அதான் சங்கதி! மூணு மணி வெயில் கூரைக்குக் கீழ சாய்வா வந்து நேரா தகரத்துலதான் விழும். முதல்ல அதை வடக்கு பாத்துத் திருப்புங்க. நாலு போல்ட்டுதான், அரை நாள் வேலை.

ஓய்வு_வாத்தியார்:
மேற்கே இரண்டு புங்கங்கன்றும் வையுங்கள். முருங்கை வேண்டாம், கிளை முறியும்.

பேராவூரணி_அம்மா:
இன்று பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். ஏணியே இல்லை அண்ணே. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு எழுதிய கணக்கில் அதைத்தான் முதலில் சேர்த்திருக்கிறேன்.