எலும்பு வரைக்கும் வந்த வலி: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?

கொள்ளிடக்கரை:
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வருடம் ஆகியிருந்தபோது இடுப்பு வலி வந்தது. தேய்மானம் என்று நாங்களே முடிவு செய்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் படுத்தால் குறைய வேண்டிய வலி, படுத்தால்தான் கூடியது. ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். ஸ்கேன் எடுத்தபோது முதுகெலும்பிலும் இடது தொடை எலும்பிலும் பரவியிருந்தது.

மார்ஃபின், அதாவது கடுமையான வலிக்குக் கொடுக்கும் மருந்து என்றதும் வீட்டில் ஒரே அழுகை. "அது கடைசியா கொடுக்கிற மருந்தாச்சே" என்றார் பெரியம்மா. வலி நிவாரணப் பிரிவு டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். வலி வந்த பிறகு கொடுப்பதில்லை, வருவதற்கு முன்பே மணி பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10. நடுவில் எழுப்ப வேண்டாம் என்று ராத்திரி வேளைக்கு மட்டும் இரட்டிப்பாக எழுதினார். மூன்றாம் நாள் அம்மா ஐந்து மணி நேரம் அசையாமல் தூங்கினார். நான் பயந்துபோய் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அது வெறும் தூக்கம், பல வாரமாகத் தூங்காதவரின் தூக்கம்.

மார்ஃபின் ஆரம்பிக்கிற அன்றே மலச்சிக்கலுக்கான மருந்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். எங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை, அம்மா ஒரு வாரம் அவதிப்பட்டார். எல்லா மெடிக்கலிலும் மார்ஃபின் கிடைக்காது. போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் முன்பைவிடச் சுலபமாக வைத்துக்கொள்ள முடிகிறது. அங்கேதான் வாங்குகிறோம்.

அப்புறம் இடுப்புக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை வைத்தார்கள். 8 கிரே (கதிர்வீச்சின் அளவு), ஒரே ஒரு தடவை. மறுநாள் வலி அதிகமானது, பலிக்கவில்லையோ என்று உடைந்துபோனேன். முதல் சில நாள் சிலருக்கு அப்படிக் கூடும் என்றார்கள். மூன்றாவது வாரம் மாத்திரை அளவே குறைந்தது.

வைகை:
அப்பாவுக்குப் புற்றுநோய் புராஸ்டேட் சுரப்பியில் ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கால் கனமா இருக்கு, மார்பைச் சுத்திப் பட்டை கட்டின மாதிரி வலிக்குது" என்றார். சிறுநீரும் சரியாகப் போகவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். முதுகெலும்புக் கட்டி தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை ஸ்டீராய்டு ஊசி, எம்ஆர்ஐ, அன்றே கரண்ட் எல்லாம் செய்தார்கள். ஆனால் அதற்குள் கால் விழுந்துவிட்டது, திரும்ப நடக்கவே இல்லை. எலும்புக்குப் பரவியவர் காலில் பலமில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ராத்திரி, லீவு நாள் என்று பார்க்காதீர்கள். கட்டு போடுகிற இடத்துக்கோ, முதுகு நீவி விடுகிறவரிடமோ தயவுசெய்து போகாதீர்கள். அரித்துப்போன எலும்பு அழுத்தினால் முறிந்துவிடும்.

பொருநை:
என் அத்தை திடீரென்று சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். தீராத தாகம், வாந்தி, அடிக்கடி சிறுநீர். மார்ஃபின்தான் காரணம் என்று நிறுத்தப் போனோம். ரத்தம் பரிசோதித்ததில் கால்சியம் மிக அதிகம். எலும்பிலிருந்து கரைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது. சலைன் ஏற்றி, எலும்பு கரைவதைத் தடுக்கும் ஜோலெட்ரோனிக் அமிலம் ஊசி போட்டார்கள். நான்காம் நாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அதே ஊசியை எலும்பு பலத்துக்காகத் தொடர்ந்து போடுவதாக இருந்தால், முதலில் பல் டாக்டரிடம் காட்டுங்கள். ஊசி நடக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். அத்தைக்கு அப்படித்தான் ஆனது.

கொள்ளிடக்கரை:
பொருநை, அம்மாவுக்கு வருகிற வியாழக்கிழமை அந்த ஊசியின் முதல் தவணை. கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று ஆடுகிறது என்று போன வாரம்தான் சொன்னார். இப்போதே டாக்டருக்குப் போன் செய்கிறேன்.